கோழிக்குழம்பு தீவுக்குப் பறக்குமா? – வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். இந்த இதழுக்கு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறப் போகிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஜூலையில் இரண்டு குடும்பமாக அமெரிக்க வர்ஜின் தீவுகளில் இருக்கும் செயின்ட் ஜானுக்குப் போகிறோம். சமையலறையோடு வீடு எடுத்திருக்கிறோம். அங்கே மளிகை விலை தலையைச் சுற்ற வைக்கும் என்கிறார்கள். கோழி, ஆட்டுக்கறி, ஃப்ரோசன் பரோட்டா, தேங்காய்த் துருவல், இட்லி மாவு எல்லாவற்றையும் கூலரில் போட்டு எடுத்துப் போகலாம் என்கிறேன் நான். ஏர்போர்ட்டிலேயே குப்பையில் போட்டுவிடுவார்கள் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? – வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, ஆனால் கணவருடைய பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

செயின்ட் ஜான் அமெரிக்காவுக்குச் சொந்தமான தீவு (1917-இல் டென்மார்க்கிடமிருந்து இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து வாங்கியது). அதனால் நெவார்க்கிலிருந்து நீங்கள் கொண்டு போகும் இறைச்சியை வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே விலை அதிகம் என்பதும் உண்மைதான், பால் முதல் கோழி வரை கிட்டத்தட்ட எல்லாமே கப்பலில் வந்து இறங்குகிறது. தீவில் விமான நிலையம் கிடையாது. பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸில் இறங்கி, டாக்சி பிடித்து ரெட் ஹுக் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து செயின்ட் ஜானின் குரூஸ் பே வரை 20 நிமிடம் ஃபெர்ரி. காலையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அந்த வீட்டு ஃப்ரீசரைத் திறக்கும் வரை 10, 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அடுக்கிய கூலர் அதை அலட்டிக்காமல் தாங்கும்.

கணவர் பயப்படும் இடம் பாதுகாப்புச் சோதனை. அதை நடத்தும் டிஎஸ்ஏ-வின் (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) விதி எளிமையானது: உணவோ ஐஸ் பேக்கோ, சோதனை இடத்துக்கு வரும்போது கல் மாதிரி உறைந்திருந்தால் கேபினுக்குள் போகலாம். பாதி உருகிக் கூழாகிவிட்டாலோ, பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ அது திரவக் கணக்கில் வந்துவிடும், 100 மில்லிக்கு மேல் போக விட மாட்டார்கள். கறித்துண்டு திடப்பொருள், அதற்குப் பிரச்சினை இல்லை. குழம்பு உறைந்திருக்கும்வரை திடம், இளகினால் திரவம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றால் உங்கள் கோழிக்குழம்பின் சட்ட அந்தஸ்தே மாறிவிடும். அதனால் குழம்பு வகைகளை செக்-இன் பெட்டியில் போடுங்கள், அங்கே இந்தத் திரவத் தொல்லையே இல்லை. கேபினில் சின்னத் துணிக் கூலர் ஒன்றில் பரோட்டாவையும் பச்சைக் கறியையும் வையுங்கள். எதற்கும் கடைசி முடிவு அங்கே நிற்கும் அதிகாரியுடையது.

அடுக்குவதற்கு வருவோம், வெற்றி தோல்வி எல்லாம் இங்கேதான். 1 கிலோ ஐஸ் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே வெப்பத்தில் 1 கிலோ தண்ணீரைச் சுழியம் டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கலாம். இறைச்சியில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆகவே நன்றாக உறைந்த 10 கிலோ கறியே ஒரு பெரிய ஐஸ் கட்டி, அதற்குத் தனியாக மூட்டை மூட்டையாக ஐஸ் தேவையில்லை. ஐஸுக்குக் கொடுக்கும் எடையைச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள். ஆனால் அது உள்வரை உறைந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லாவற்றையும் மொத்தமாக ஃப்ரீசரில் திணித்தால் மேல்தோல் மட்டும்தான் கெட்டியாகும். மூன்று நான்கு நாள் முன்பிருந்தே, குழம்பையும் கறியையும் ஜிப்லாக் பைகளில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வைத்து உறைய விடுங்கள். பலகை மாதிரி ஆனதும் புத்தகம் போல அடுக்கலாம், நடுவில் இடைவெளி இருக்காது. ஏனென்றால் வெளியே இருக்கும் வெயிலைப் போலவே உள்ளே இருக்கும் காலி இடமும் கூலருக்கு எதிரி. மீதி இடத்தைச் செய்தித்தாள், துண்டு, பிள்ளைகளின் டிஷர்ட் எதை வைத்தாவது அடைத்துவிடுங்கள். கூலரையும் முந்தின இரவே உள்ளே ஐஸ் பேக் வைத்துக் குளிர்வித்து வையுங்கள், கேரேஜ் சூட்டில் கிடந்த கூலரில் போட்டால் முதல் இரண்டு மணி நேரக் குளிர் அந்தப் பிளாஸ்டிக்கைக் குளிர்விக்கவே போய்விடும்.

விமானத்தின் வயிற்றில் எப்படியும் உறைபனி, அதனால் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நாய் பூனையெல்லாம் பெட்டிகளோடு அங்கேதான் பயணம் செய்கின்றன, அது ஃப்ரீசர் கிடையாது. அதைவிட மோசம், வண்டியில் ஏற்றிய பெட்டிகள் ஓடுதளத்து வெயிலில் காத்துக் கிடக்கும் நேரம்.

எடை 23 கிலோவைத் தாண்டினால் தண்டம். பெரிய, கனத்த சுவர் கொண்ட கூலர்கள் காலியாகவே 10 கிலோ இருக்கும், அதை வாங்கி வந்து பாதி எடையைப் பெட்டிக்கே தாரை வார்க்காதீர்கள். சாதாரணச் சின்னக் கூலர், இல்லாவிட்டால் சக்கரம் வைத்த சூட்கேஸுக்குள் துணிக் கூலர் ஒன்று. வடிகால் மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். மேல்மூடியைச் சுற்றி ஒட்டுங்கள், ஆனால் அதிகாரிகள் திறந்து பார்க்க நேர்ந்தால் மறுபடி ஒட்ட வசதியாக ஒரு டேப் உருளையைப் பெட்டி மேலேயே விட்டுவையுங்கள், பெரும்பாலும் அவர்களே ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இட்லி மாவு விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்குச் சண்டை. புளித்த மாவு வாயு விட்டுக்கொண்டே இருக்கும், மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், டப்பா மூடி எகிறினால் உங்கள் கூலர் மட்டுமல்ல, பக்கத்துப் பெட்டிக்காரரின் பட்டுப்புடவையும் போச்சு. இரண்டு வழி இருக்கிறது. அரைத்ததும் புளிக்க விடாமல், முக்கால் பாகம் நிரப்பி உறைய வைத்துக் கொண்டு போய் அங்கே வெளியே வையுங்கள், ஜூலை மாதக் கரீபியன் இரவுக்கு மாவு தானாகப் பொங்கும். இல்லாவிட்டால் இட்லியாகவே வார்த்து, ஆறவைத்து, உறைய வைத்து எடுத்துப் போங்கள். ஈரத்துணி போர்த்தி மைக்ரோவேவில் வைத்தால் நேற்று வார்த்த இட்லி என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், விடுமுறையில் இட்லித் தட்டைத் தேய்க்கிற வேலையும் மிச்சம்.

ஏழு நாளுக்கும் கொண்டு போகாதீர்கள். போய்ச் சேர்ந்த இரவு, பிள்ளைகள் அடம் பிடிக்கும் ஓரிரு நாள், அதற்குப் போதும். அரிசி, வெங்காயம், முட்டை அங்கேயே வாங்குங்கள். தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், முருங்கைக்காய், மசாலா போட்டு ஊறின கறி, இவைதான் கூலர் இடத்துக்குத் தகுதியானவை. இன்னொன்று, செயின்ட் ஜானில் மின்வெட்டு சகஜம். போய்ச் சேர்ந்ததும் ஐஸ் பேக்குகளைத் தூக்கிப் போடாமல் அந்த வீட்டு ஃப்ரீசரிலேயே வைத்திருங்கள்.

திரும்பும்போது கதை வேறு. வர்ஜின் தீவுகள் அமெரிக்கச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால், செயின்ட் தாமஸிலேயே சுங்கச் சோதனையும் விவசாயப் பொருள் சோதனையும் நடக்கும். பழம், செடி, விதை எது இருந்தாலும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டனில் இருந்து கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிறோம். அம்மா ஆட்டிறைச்சிப் பிரட்டல் சமைத்து ஃப்ரீஸ் பண்ணித் தருகிறேன் என்று நிற்கிறா. நாலு மணித்தியாலப் பயணம்தானே, ஐஸ் பேக் இரண்டு போதுமா? – வாசகர், ஹரோ

பதில்: ஐஸ் பேக் போதும், ஆனால் பிரட்டல் போகாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி 1 முதல், பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டு போகக் கூடாது. சமைத்திருந்தாலும் சரி, உறைந்திருந்தாலும் சரி, சாண்ட்விச்சுக்குள் இருக்கும் துண்டானாலும் சரி. சுங்கத்தில் பிடித்தால் அம்மாவின் உழைப்பு குப்பைத்தொட்டிக்குத்தான். குழந்தைக்கான பால்மா, மருத்துவத்துக்கான சிறப்பு உணவு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் 2 கிலோ வரை, திறப்பதற்கு முன் குளிர்பதனம் தேவைப்படாத கடைப் பொதியாக இருக்க வேண்டும்.

அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு செய்தி இருக்கிறது. மீனுக்கு இந்தத் தடை இல்லை, 20 கிலோ வரை கொண்டு போகலாம், பச்சை மீன் என்றால் குடல் எடுத்திருக்க வேண்டும். அதனால் மீன் பிரட்டலை உறைய வைத்து எடுத்துப் போங்கள். சம்பலுக்கு மாசிக் கருவாடு போகும், தேங்காயும் போகும். கறிவேப்பிலை மட்டும் பச்சையாக வேண்டாம், செடி கொடி இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். இடியப்பத்தை உறைய வைத்துத் தாராளமாகக் கொண்டு போகலாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், கிரீட் மலையெல்லாம் ஆடு. நல்ல ஆட்டிறைச்சி ஊர்ச் சந்தையிலேயே வாங்கலாம். அம்மாவிடம் வறுத்த கறித்தூளை ஒரு போத்தலில் வாங்கிக்கொண்டு போய் அங்கேயே சமைத்தால் லண்டன் இறைச்சியைவிட ருசியாக வரும் என்பது என் எண்ணம். அம்மாவிடம் இதை நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

திரும்பி வரும்போது ஃபெட்டா சீஸ் கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய் பரவியதால் 2025 ஏப்ரல் 12 முதல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பயணிகள் மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருளும் கொண்டு வருவதைத் தடை செய்திருக்கிறது. ஒலிவ் எண்ணெய் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: ஹவாய்க்குப் போகிறோம், 4 பேர். டிரை ஐஸ் போட்டால் கறி நான்கு நாள் கூட இருக்கும் என்கிறார் நண்பர். 10 கிலோ டிரை ஐஸ் வாங்கி ஒரே பெட்டியில் போடலாமா? – வாசகர், டல்லாஸ்

பதில்: கூடாது. ஒரு பயணிக்கு இரண்டரைக் கிலோ, அவ்வளவுதான், அதற்கும் விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். நான்கு பேர் கணக்கைக் கூட்டி ஒரு பெட்டிக்குள் போடுவதை ஏற்க மாட்டார்கள். செக்-இன் பெட்டியில் போட்டால், உள்ளே டிரை ஐஸ் இருக்கிறது என்றும் அதன் எடை என்ன என்றும் வெளியே எழுதி ஒட்ட வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி என்றால், டிரை ஐஸ் உருகித் தண்ணீராவதில்லை, நேராகக் கரியமில வாயுவாகிவிடும். 1 கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். காற்றுப் புகாமல் மூடிய பெட்டி என்றால் வெடித்துவிடும். அதனால் வாயு வெளியேற வழி விட்டே கட்ட வேண்டும், சுற்றிச் சுற்றி டேப் ஒட்டக் கூடாது. மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும். ஏர்போர்ட்டுக்குக் காரில் போகும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஹவாய்க்குக் கறி எதற்கு என்பது என் கேள்வி. ஒவாஹு, மாவி, கவாய், ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய்த் தீவு, இந்த நான்கிலும் காஸ்ட்கோ மளிகைக் கடை இருக்கிறது. கோழி, இறால் எல்லாம் இறங்கின அன்றே வாங்கலாம். மொலோக்காய், லனாய் மாதிரிச் சின்னத் தீவு என்றால் நீங்கள் பெட்டி கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. டல்லாஸிலிருந்து 8 மணி நேரப் பயணம், அதற்குச் சாதாரண ஐஸ் பேக்கே தாங்கும். ஹவாய்க்குள் நுழையும்போது செடி, பழம், விலங்கு பற்றி ஓர் அறிவிப்புப் படிவம் உண்டு, உண்மையை எழுதுங்கள். பச்சைக் கறிவேப்பிலை இங்கேயும் வில்லங்கம்தான்: எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில்தான் விரும்பிக் குடியிருக்கும். அதனால் பொடியாகவே எடுத்துப் போங்கள்.

ஐஸில் உப்புப் போட்டால் நீண்ட நேரம் இருக்குமாமே என்றும் கேட்டிருந்தீர்கள். உப்புப் போட்டால் அதிகம் குளிரும், ஆனால் சீக்கிரம் உருகும். சீக்கிரம் உருகுவது உங்களுக்கு உதவாது, அதனால் உப்பு வேண்டாம்.

கேள்வி: மதுரையிலிருந்து சென்னை வந்து அந்தமான் போகிறோம். மாமியார் வெளிச்சாப்பாடு தொட மாட்டார். தெர்மோகோல் பெட்டியில் மாவு, சாம்பார், பொரியல் எல்லாம் உறைய வைத்துக் கொண்டு போகலாமா? – வாசகி, மதுரை

பதில்: கொண்டு போகலாம், ஆனால் அவசியமே இல்லை. ஸ்ரீவிஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்தான்) தமிழர்கள் ஏராளம், மெஸ்களில் இட்லியும் சாம்பாரும் நம்மூர் மாதிரியே கிடைக்கும். மதுரை வீட்டு ஃப்ரீசரிலிருந்து சென்னை வரும் வழியிலேயே அரை நாள் போய்விடுகிறது, அப்புறம் விமானம், ஹேவ்லாக் தீவுக்குப் போனால் மேற்கொண்டு கப்பல். உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் செக்-இன் 15 கிலோதான், அதில் சாம்பாருக்கு இடம் கொடுத்தால் மாமியாரின் புடவைக்கு இடம் இருக்காது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், சின்ன மின்சாரக் குக்கர் ஒன்று. அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சோறு வடித்தால் மாமியார் பிரச்சினை தீர்ந்தது. ஊறுகாயையும் புளிக்காய்ச்சலையும் செக்-இன்னில் போடுங்கள், எண்ணெய் கசியாமல் இரண்டு உறை. கொப்பரைத் தேங்காய் மட்டும் வேண்டாம், தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: மாலத்தீவு ரிசார்ட்டுக்கு உறைந்த கோழி எடுத்துப் போகலாமா? – வாசகர், கோவை

பதில்: அங்கே போய் எந்த அடுப்பில் சமைப்பீர்கள்? ரிசார்ட் அறையில் சமையலறை இருக்காது, கடல் விமானத்தில் வேறு செக்-இன் 20 கிலோ, கையில் 5 கிலோ என்று கணக்குப் பார்ப்பார்கள். பன்றி இறைச்சியும் மதுவும் அந்த நாட்டுக்குள் கொண்டு போகவே கூடாது. முறுக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: கூலர் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தால் உள்ளே இருப்பது கெட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மோந்து பார்த்தால் போதுமா? – வாசகர், அட்லாண்டா

பதில்: மூக்கை நம்பாதீர்கள், ஆபத்தான கிருமிகள் பலவற்றுக்கு வாசனையே கிடையாது. கறியில் இன்னும் ஐஸ் படிகம் தெரிகிறதா, அல்லது 4 டிகிரிக்குள் குளிராக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் மறுபடி உறைய வைக்கலாம், சமைக்கவும் செய்யலாம். ருசி கொஞ்சம் குறையும். அதற்கு மேல் சூடாகி இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிடுங்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரமே அதிகம்.

எவ்வளவு நேரம் சூடாக இருந்தது என்று எப்படித் தெரியும் என்பீர்கள். 10 டாலருக்குக் கிடைக்கும் சமையல் வெப்பமானி ஒன்று பெட்டியில் இருக்கட்டும். இன்னொரு வழி, மூடி போட்ட சின்ன டப்பாவில் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேலே ஒரு காசை வைத்து, கூலரின் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். திறக்கும்போது காசு ஐஸுக்குள்ளோ அடியிலோ போயிருந்தால் நடுவில் உருகி ஓடியிருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். ஆனால் பெட்டியைச் சுமப்பவர்கள் தலைகீழாகக் கவிழ்த்தால் காசு எங்கேயோ போயிருக்கும், அதனால் இது துணைச் சாட்சி மட்டுமே. வெப்பமானி சொல்வதையே முதலில் கேளுங்கள்.

கேள்வி: 5 மாதக் குழந்தையோடு போர்ட்டோ ரிக்கோ போகிறேன். உறைய வைத்த தாய்ப்பாலுக்கும் இந்த 100 மில்லி விதி உண்டா? – வாசகி, சிகாகோ

பதில்: கிடையாது. அமெரிக்க விமான நிலையங்களில் தாய்ப்பால், குழந்தைப் பால்மா இரண்டுக்கும் அந்த அளவு விதியிலிருந்து விலக்கு உண்டு. அதைக் குளிராக வைக்கும் ஐஸ் பேக்குக்கும் சேர்த்தே விலக்கு, பாதி உருகியிருந்தாலும் பரவாயில்லை. சோதனைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டு, பாலைத் தனியாக எடுத்து வையுங்கள். பாட்டிலைத் திறந்து சோதிக்கக் கேட்டால், வேண்டாம், வேறு முறையில் சோதியுங்கள் என்று நீங்கள் சொல்லலாம். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் செக்-இன்னில் போடாதீர்கள், கையிலேயே இருக்கட்டும்.